புகாரில் இருப்பது கணவரின் அண்ணன் பெயர்

வாசகி ஒருவர் எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது:

"ஒரு உற்பத்தி நிறுவனத்தில் 11 வருடமாகக் கம்ப்ளையன்ஸ் அதிகாரியாக (சட்டமும் விதிகளும் மீறப்படாமல் பார்க்கும் வேலை) இருக்கிறேன். என் கணவரின் அண்ணன் அதே நிறுவனத்தில் ஒரு பிரிவுக்கு மேலாளர். எங்கள் கோவிலின் பங்குப் பேரவையிலும் இருக்கிறார். என் மகனுக்கு ஞானத்தந்தையும் அவர்தான். ஊழியர்கள் புகார் சொல்லும் ஹாட்லைனில் பெயரில்லாத புகார் ஒன்று வந்திருக்கிறது. ஷிப்ட் முடிந்ததும் அவர் பிரிவில் எல்லாரையும் பஞ்ச் அவுட் செய்ய வைத்துவிட்டு மறுபடி மெஷினுக்கு அனுப்புகிறார்களாம், அந்த நேரத்துக்குச் சம்பளமே இல்லையாம். புகார் என் கணக்கில்தான் விழுந்தது. 9 நாளாகத் திறந்து திறந்து மூடுகிறேன். மூன்றாம் நாள் ராத்திரி தாங்க முடியாமல் கணவரிடம் சொல்லிவிட்டேன். 'அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல், திருத்திக்கொள்வார், பைபிளிலேயே அப்படித்தானே இருக்கிறது' என்கிறார். மாமியாருக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. அவர் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. பக்கத்து அறையில் இருந்த 12 வயது மகன் மறுநாள் 'பெரியப்பா தப்பு பண்ணாரா?' என்று கேட்டான். நான் மன்னிக்க வேண்டுமா, விசாரிக்க வேண்டுமா? பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவ அறிக்கை செய்யும்போது) இதைச் சொல்லலாமா? பேசாமல் வேலையை விட்டுவிடலாமா?"

அன்புச் சகோதரி,

உங்கள் கடிதத்தில் கேள்விகள் நிறைய இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பதில் எழுதுகிறேன். ஆனால் மீதியைப் படிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்துவிடுங்கள். உங்கள் மேலதிகாரிக்கு இன்றைக்கே ஒரு மெயில் போக வேண்டும். நாளைக்கு என்று தள்ள வேண்டாம்.

மெயிலில் என்ன எழுதுவது என்று யோசித்து இன்னும் இரண்டு நாள் போய்விடும் என்பதால் நானே எழுதித் தருகிறேன்:

"இந்தத் தேதியில் வந்த இந்த எண்ணுள்ள புகாரில் பெயர் குறிப்பிடப்பட்டவர் என் கணவரின் உடன்பிறந்த அண்ணன். ஆகவே இதில் எனக்கு நலமுரண் உள்ளது. இந்தப் புகாரை நான் கையாளக் கூடாது. வேறொருவரிடம் ஒப்படைத்து, இந்தக் கோப்பைப் பார்க்கும் அனுமதியையும் என்னிடமிருந்து எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். புகாரை முதல்முறை திறந்த அன்றே இதை நான் சொல்லியிருக்க வேண்டும், 9 நாள் தாமதித்துவிட்டேன். இந்த இடைவெளியில் புகாரின் சாரத்தை என் கணவரிடம் சொல்லியிருக்கிறேன். அது வேறு யாருக்கும் போயிருக்கலாம். புகார் கொடுத்தவரின் பாதுகாப்பைக் கருதி இதை உடனே தெரிவிக்கிறேன்."

இவ்வளவுதான். "மிகுந்த மன உளைச்சலில் இருந்ததால்" என்றெல்லாம் சேர்க்க வேண்டாம். அதைக் கேட்கும்போது சொல்லிக்கொள்ளலாம். உங்கள் மேலதிகாரியே அண்ணனுக்கு நெருக்கமானவர் என்றால் மெயில் அவருக்கும் மேலே, இயக்குநர் குழுவின் தணிக்கைக் கமிட்டிக்குப் போக வேண்டும். கம்ப்ளையன்ஸ் வேலைக்கென்று 2021இல் வந்த ஐ.எஸ்.ஓ. 37301 தரநிலை, நிர்வாகக் குழுவை நேரடியாக அணுகும் வழி உங்களையும் என்னையும் போன்ற கம்ப்ளையன்ஸ்காரர்களுக்கு இருக்க வேண்டும் என்று சொல்வது இந்த மாதிரி நாளுக்காகத்தான்.

அந்த மெயிலின் கடைசி நான்கு வாக்கியங்களைப் படித்ததும் உங்களுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். அவற்றை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் அனுப்பத் தோன்றும். அனுப்பாதீர்கள். 9 நாள் தாமதம் எப்படியும் தெரிந்துவிடும். புகார்க் கோப்பை யார், எந்த நேரத்தில், எத்தனை தடவை திறந்தார்கள் என்பதைப் பெரும்பாலான மென்பொருள்கள் பதிந்து வைத்திருக்கும், உங்களுக்கே அது தெரியும். ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் கொண்டுவந்த சட்ட நெறிப்படி, புகார் வந்து சேர்ந்தது என்று 7 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், என்ன நடவடிக்கை என்று 3 மாதத்துக்குள் தெரிவிக்க வேண்டும். உங்கள் ஊரில் சட்டம் வேறாக இருக்கலாம். ஆனால் பெயர் சொல்லப் பயந்து புகார் கொடுத்த ஒரு ஆளுக்கு 9 நாள் மௌனம் எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள். "அதான் அவங்க சொந்தக்காரங்களாச்சே" என்று அங்கே ஏற்கெனவே பேச்சு ஓடிக்கொண்டிருக்கும்.

தாமதத்தைவிடப் பெரிய கவலை வேறு. மாமியாருக்கு "எப்படியோ" தெரிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். எப்படியோ என்று ஒன்று கிடையாது. நீங்கள் கணவரிடம் சொன்னீர்கள், கணவர் தன் அம்மாவிடம் சொன்னார். அம்மா பெரிய மகனிடம் சொல்லாமல் இருப்பாரா? கணவரிடம் ஒரே ஒரு தடவை, நேராகக் கேளுங்கள்: "அண்ணனிடம் சொன்னீர்களா?" பதில் என்னவோ அதை அப்படியே மெயிலில் சேருங்கள். புகார் கொடுத்தவர் தன் பெயரைச் சொல்லவில்லை என்பது பெரிய பாதுகாப்பு இல்லை. எந்த ஷிப்ட், எந்த மெஷின் வரிசை என்று இரண்டு விவரம் இருந்தால் போதும், பிரிவு மேலாளருக்கு ஆளைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் ஆகாது. அடுத்த வாரமே அந்த ஆளின் ஷிப்ட் மாறலாம், ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகலாம். அதைத் தடுக்கக்கூடியவர்களுக்கு விஷயம் கசிந்தது தெரிந்தால்தானே தடுப்பார்கள்? உங்கள் பெயர் கெடுமே என்று அதை மறைத்தால், விலை கொடுப்பது நீங்கள் முகமே பார்த்திராத யாரோ ஒருவர்.

சரி. இனி மற்றவை.

"நான் நியாயமாகத்தான் விசாரிப்பேன், எனக்கு அண்ணன் தம்பி பார்க்கத் தெரியாது" என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருந்தீர்கள். நம்புகிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இந்த வேலைக்கு வந்த இரண்டாம் வருடம். என்னோடு தினமும் ஒரே காரில் வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒருவர் மேல் பில் மோசடி என்று புகார் வந்தது. நானே விசாரித்தேன். ஒவ்வொரு பில்லாக எடுத்து, கொடுத்த கடையில் கேட்டு, மூன்று வாரம் உட்கார்ந்து பார்த்தேன். அவர் மேல் தவறே இல்லை. அறிக்கையில் அப்படியே எழுதினேன், எழுதியதும் உண்மைதான். ஆனால் ஒருவரும் நம்பவில்லை. "கார்க்காரரைக் காப்பாத்திட்டாரு" என்றார்கள். அந்த மனிதர் குற்றமற்றவர் என்பதை நிரூபிக்க அவருக்கு இருந்த ஒரே வாய்ப்பை, என் கை பட்டதாலேயே நான் கெடுத்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து அவர் வேலையை விட்டுப் போனார். என்னைப் பார்த்தால் இப்போதும் சிரிப்பார். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு உறுத்தும்.

உங்கள் மைத்துனர் உண்மையிலேயே தவறு செய்யாதவராக இருந்தால், நீங்கள் விலகிக்கொள்வதுதான் அவருக்குச் செய்யக்கூடிய ஒரே உதவி. உங்களோடு சம்பந்தமில்லாத ஒருவர், வாசல் கேட் பதிவையும் மெஷின் ஓடிய நேரத்தையும் வருகைப் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு நாளில் தெரிந்துவிடும். தினமும் ஐம்பது பேரும் 6 மணி 2 நிமிடத்துக்குப் பஞ்ச் அவுட் ஆகி, மெஷின் மட்டும் 8 மணி வரை ஓடியிருந்தால் அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை. அப்படி இல்லை என்றால் அதுவும் அங்கேயே தெரியும். அந்தப் பதிவுகளை நீங்கள் "சும்மா ஒரு பார்வை" கூடப் பார்க்காதீர்கள்.

இப்போது பைபிள். உங்கள் கணவர் சொல்வது மத்தேயு 18. சகோதரன் தவறு செய்தால் முதலில் தனியாகப் போய்ச் சொல், கேட்காவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிப் போ, அப்போதும் கேட்காவிட்டால் திருச்சபையிடம் சொல். நம் வீடுகளில் இதன் முதல் வரியோடு நிறுத்திக்கொள்வார்கள். அடுத்த இரண்டு வரியும் அதே வாயிலிருந்து வந்தவைதான், அவற்றில் சாட்சியும் வருகிறது, சபையும் வருகிறது.

அதைவிட முக்கியம், அந்த வசனம் "உனக்கு எதிராக" என்று ஆரம்பிக்கிறது. உங்கள் மைத்துனர் உங்களுக்கு எதிராக என்ன செய்தார்? ஒன்றும் இல்லை. புகார் உண்மையென்றால் சம்பளம் போனது மெஷினில் நின்றவர்களுக்கு. அவர்கள் சார்பில் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசித் தீர்க்கவும், மன்னிக்கவும் உங்களுக்கோ எனக்கோ யார் உரிமை கொடுத்தது? மறைக்கல்வி வகுப்பில் படித்திருப்பீர்கள், விண்ணை நோக்கிக் கூக்குரலிடும் பாவங்கள் என்று ஒரு பட்டியல் உண்டு. ஆபேலின் இரத்தம் அதில் இருக்கிறது. கூலியாளுக்குச் செய்யும் அநீதியும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது என்று யாக்கோபு தன் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் எழுதுவது ஒப்பனைப் பேச்சாக எனக்குப் படவில்லை. பஞ்ச் அவுட் செய்துவிட்டு இரண்டு மணி நேரம் நின்றவரிடம் கேட்டால் தெரியும்.

தனியாகப் போய்ச் சொல்வதில் தொழில் ரீதியாக இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. விசாரணை தொடங்கும் முன்பே ஆளை எச்சரித்ததாக ஆகிவிடும். பதிவு ஏதாவது ஒன்று அதற்குப் பிறகு காணாமல் போனால், அவர் அழித்தாரோ இல்லையோ, நீங்களும் அதில் மாட்டிக்கொள்வீர்கள்.

அப்படியானால் மன்னிப்பே கிடையாதா என்று கேட்பீர்கள். உண்டு. அது விசாரணைக்கு முன்னாலோ பின்னாலோ என்று வரிசையில் நிற்பது இல்லை. தவறு நிரூபணமாகி, அவர் தண்டனை பெற்று, சம்பள பாக்கி தொழிலாளிகள் கைக்குப் போன பிறகும் அவர் உங்கள் மைத்துனர்தான், உங்கள் மகனுக்கு ஞானத்தந்தைதான். வீட்டுக்கு வந்தால் உட்காரச் சொல்லுங்கள்.

பாவசங்கீர்த்தனம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போங்கள். ஆனால் உங்கள் பாவத்தைச் சொல்லுங்கள், மைத்துனருடையதைச் சொல்ல வேண்டாம். உங்கள் பங்குத்தந்தைக்கு அவரை நன்றாகத் தெரியும், பேரவைக் கூட்டத்தில் பக்கத்தில் உட்காருபவர். "என் பொறுப்பில் இருந்த ஒரு காரியத்தைப் பயத்தில் தள்ளிப்போட்டேன், ரகசியமாக வைத்திருக்க வேண்டியதை வெளியே சொன்னேன்" என்பது போதும். குரு அதைத் தாண்டிப் பெயர் கேட்க மாட்டார். பாவத்தில் கூட்டாளியாக இருந்தவரின் பெயரைக்கூடக் கேட்கக் கூடாது என்று திருச்சபைச் சட்டம் 979இல் இருக்கிறது. நீங்கள் சொன்னது எதையும் அவர் வெளியே சொல்ல முடியாது என்பது 983இல் இருக்கிறது. பங்குத்தந்தையிடம் போகச் சங்கடமாக இருந்தால் வேறு கோவிலுக்குப் போங்கள், அதில் தப்பே இல்லை.

இதை ஏன் பாவம் என்கிறேன் என்று உங்களுக்குக் கோபம் வரலாம். கணவரிடம்தானே சொன்னேன் என்பீர்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2477ஆம் எண்ணில் மூன்று விஷயங்களைப் பிரித்துச் சொல்கிறது. போதிய ஆதாரமில்லாமல் ஒருவர் மேல் குற்றத்தை மனதுக்குள் உறுதிசெய்வது ஒன்று. உண்மையான குறையையே தக்க காரணமில்லாமல், தெரியாதவர்களிடம் போய்ச் சொல்வது இரண்டாவது. பொய் சொல்லி ஒருவர் பெயரைக் கெடுப்பது மூன்றாவது. மூன்றாவதை மட்டும்தான் நாம் பாவக் கணக்கில் சேர்ப்போம். நீங்கள் கணவரிடம் சொன்னது இரண்டாவது, சொன்ன விதத்தைப் பார்த்தால் கொஞ்சம் முதலாவதும் கூட. அதே விஷயத்தை விசாரிக்க வேண்டியவரிடம் ஒப்படைத்திருந்தால் இந்த மூன்றிலும் வராது, அங்கே தக்க காரணம் இருக்கிறது. இந்த எண்ணைப் புதிதாகச் சேருபவர்களுக்கு, எந்த மதத்தவராக இருந்தாலும், நான் சொல்லிக்கொடுப்பதுண்டு. எங்கள் துறையின் ரகசியக் காப்பு விதிகளைவிட இது தெளிவாக இருக்கிறது.

கத்தோலிக்கர்கள் இந்த மாதிரிச் சமயத்தில் புனித தாமஸ் மோரைக் கூப்பிடுவார்கள். 1529இலிருந்து 1532 வரை இங்கிலாந்தின் தலைமை நீதிப் பொறுப்பில் இருந்தவர், மனசாட்சிக்காக 1535இல் தலையைக் கொடுத்தவர். ஒரு பக்கம் என் அப்பாவும் இன்னொரு பக்கம் சாத்தானும் நின்று, நியாயம் சாத்தான் பக்கம் இருந்தால் சாத்தானுக்குத்தான் தீர்ப்பு என்று அவர் சொன்னதாக வீட்டார் எழுதி வைத்திருக்கிறார்கள். அவருடைய மருமகன் ஒருவர் தன் வழக்கில் மாமனாரின் தயவை நம்பி விட்டுக்கொடுக்காமல் நிற்க, அவருக்கு எதிராகவே தீர்ப்பு எழுதினார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவரைப் பின்பற்றாதீர்கள். மருமகனின் வழக்கை அவர் கேட்டிருக்கவே கூடாது. சொந்தக்காரருக்குச் சாதகமாகச் சாய்வது போலவே, சாயவில்லை என்று காட்டுவதற்காக எதிர்ப்பக்கம் சாய்வதும் நடக்கும். நம் துறையில் அதையும் நான் பார்த்திருக்கிறேன், தன் நேர்மையை நிரூபிக்கச் சொந்தத் தம்பியின் வேலையைக் காலி செய்தவரை. "ஏழைக்கும் சாயாதே, பெரியவனுக்கும் சாயாதே" என்று லேவியர் 19 சொல்வதில் இரண்டு பக்கமும் இருக்கின்றன.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மாமியாரும் கணவரும் உங்களிடம் எதிர்பார்ப்பது ஒன்றுதான், நீங்கள் ஏதாவது செய்ய முடியும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருக்கிறது. அந்த நம்பிக்கை இருக்கும்வரை கேட்டுக்கொண்டேதான் இருப்பார்கள். மெயில் போய், கோப்பு உங்கள் கையை விட்டுப் போன பிறகு, "என்ன ஆச்சு?" என்று கேட்டால் "எனக்குத் தெரியாது, நான் அதில் இல்லை" என்று சொல்லலாம். அது பொய்யாக இருக்காது. இந்த 9 நாளில் உங்களுக்கு இல்லாத நிம்மதி அதுதான். அலுவலகத்தில் யாராவது பரிதாபப்பட்டு விவரம் சொல்ல வந்தாலும் கேட்காமல் எழுந்து போய்விடுங்கள். தெரிந்துகொள்ள உரிமை இல்லாதவருக்கு உண்மையைச் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை என்று அதே மறைக்கல்வி நூல் 2489இல் சொல்கிறது. இந்த விஷயத்தில் அந்த உரிமை இல்லாதவர் இனி நீங்கள்தான்.

கணவரிடம் ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டியிருக்கும். சொன்னதற்காக. தூக்க முடியாத ஒன்றைத் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டீர்கள், அண்ணனுக்கும் மனைவிக்கும் நடுவில் அவரை நிறுத்திவிட்டீர்கள். அவர் அம்மாவிடம் ஓடியதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. "காட்டிக் கொடுக்கிறவள்" என்று அவர் கோபத்தில் சொல்லியிருந்தால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், "புகாரை நான் கொடுக்கவில்லை, நான் அதைத் தொடப்போவதும் இல்லை" என்பதை மட்டும் சொல்லுங்கள். ஒரு தடவை போதும், விளக்கம் நீண்டால் சண்டையும் நீளும். மாமியாரிடம் ஒன்றுமே விளக்க வேண்டாம். மாலை ஜெபத்துக்கு வழக்கம்போல் அவர் பக்கத்தில் உட்காருங்கள். நாளாகும்.

வேலையை விடுவது பற்றி: இப்போது விடாதீர்கள். விசாரணைக்கு நடுவில் கம்ப்ளையன்ஸ் அதிகாரி ராஜினாமா செய்தால் கதைகள் தானாக எழுதப்படும். புகாரும் ஆளில்லாத பெட்டியில் கிடக்கும். விஷயத்தைக் கசியவிட்டதற்காக உங்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் வரலாம், சில மாதம் வேறு வேலைக்கு மாற்றலாம், அதற்கு மேலும் போகலாம். வராது என்று என்னால் சொல்ல முடியாது. நீங்களாகச் சொன்னதற்கும் அவர்களாகக் கண்டுபிடித்ததற்கும் வித்தியாசம் பார்ப்பார்கள் என்பது மட்டும் என் அனுபவம். எல்லாம் முடிந்து ஆறு மாதம் கழித்தும் விடத் தோன்றினால் அப்போது எழுதுங்கள், பேசலாம். காலையிலிருந்து மாலை வரை தனியாளாக வழக்குக் கேட்ட மோசேயைப் பார்த்து "நீ செய்வது சரியில்லை" என்று அவருடைய மாமனார் இத்திரோ சொன்னது நினைவிருக்கிறதா? 11 வருடம் ஒற்றை ஆளாக இந்தப் பெட்டியைத் திறந்துகொண்டிருக்கிறீர்கள். புகார் வந்தவுடன் இரண்டு பேர் பார்க்கும்படி ஏற்பாடு இருந்திருந்தால், அது உங்கள் கணக்கில் 9 நாள் தூங்கியிருக்காது. அந்த ஏற்பாட்டையாவது நிர்வாகத்திடம் கேட்டு வாங்குங்கள்.

மகன் கேட்டதைக் கடைசிக்கு வைத்தேன், கடிதத்தில் என்னை அதிகம் தொட்ட இடம் அதுதான். நீங்கள் "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போய்ப் படி" என்று சொன்னதாக எழுதியிருந்தீர்கள். 12 வயதுப் பையனுக்கு அது பதில் இல்லை, ஏதோ இருக்கிறது என்ற உறுதிதான் அவனுக்குக் கிடைத்திருக்கும். இன்னொரு தடவை நீங்களாகப் பேச்சை எடுங்கள். அன்றைக்கு அவன் கேட்டது அவன் காதில் விழுந்திருக்கக் கூடாத பேச்சு, அது அம்மாவின் தவறு என்று முதலில் சொல்லுங்கள். பெரியப்பா தப்பு செய்தாரா இல்லையா என்று அம்மாவுக்குத் தெரியாது, அதைப் பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள், பார்த்துச் சொல்லும்வரை யாரும் அவரைப் பற்றி ஒன்றும் நினைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பெரியப்பாவைப் பார்த்தால் எப்போதும்போல் பக்கத்தில் போய் நிற்கலாமா என்று கேட்பான். நிற்கலாம் என்று சொல்லுங்கள்.